விரல் தெரிகிற துணி

ஒரு நாளைக்கு எழுநூற்று நாற்பது படுக்கை விரிப்புகள். வாரத்துக்கு ஆறு நாள், பத்தொன்பது ஆண்டுகள். இதைப் பெருக்கிப் பார்க்கும் பொறுமை ஜன்னலக்காவுக்கு இருந்ததில்லை. அவருடைய கணவர்தான் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தார். "நாப்பது லட்சத்தத் தாண்டுதும்மா. இந்த ஊரையே நாலு தடவ போத்தி மூடலாம்" என்றார்.

பெரிய மருத்துவமனையின் துணியறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சலவைக்கூடம், மறுபக்கம் கொதிகலன் அறை. முகத்துக்கு நேரே ஒரே ஒரு ஜன்னல். அது வெளியே நடைபாதையின் மட்டத்தில் அமைந்துவிட்டதால், போகிறவர் வருகிறவரின் கால்கள் மட்டும் தெரியும். யார் எந்தச் செருப்பு, எந்தக் காலணி, யார் எந்தக் காலை இழுத்து நடப்பார் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். பிற்பகல் இரண்டு மணிவரை அந்த ஜன்னலில் நல்ல வெளிச்சம் வரும். அதற்குள் அன்றைய விரிப்புகளைப் பார்த்து முடித்துவிட வேண்டும்.

பார்ப்பது என்றால் இப்படி. சலவையிலிருந்து வந்த விரிப்பை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடது கையைத் துணிக்குப் பின்னால் விரித்து வைப்பார். கை தெரியாவிட்டால் துணி திடம். கை நிழலாடினால் பழசு. ஐந்து விரலும் தனித்தனியாக, மோதிரத்தோடு தெரிந்தால் அதற்கு ஒரு பெயர். விரலே வெளியே வந்துவிட்டால் அதற்கும் ஒரு பெயர். பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த விரிப்பை எடுப்பார். நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றதில், துப்புரவு ஊழியர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் ஜன்னலக்கா ஆகிவிட்டார்.

முப்பத்தாறாம் வயதில் இந்த வேலைக்கு வந்தார். அதற்கு முன்பு சட்டைத் தொழிற்சாலையில் காலர் சரிபார்க்கும் வேலை. தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். மருத்துவமனை நேர்காணலில் துணிப் பதிவேட்டை முன்னால் தள்ளி, "இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டார்கள். 'நிலை' என்ற கட்டத்தில் எழுத வேண்டிய ஐந்து சொற்களும் ஆங்கிலத்தில் இருந்தன. நியூ, குட், வோர்ன், த்ரெட்பேர், டோர்ன்.

"எழுத்து வரும். அர்த்தம் நாளைக்குச் சொல்றேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே வேலை கிடைத்தது என்று இன்றும் நம்புகிறார்.

அன்று சாயங்காலம், ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகளைப் பிடித்து உட்கார வைத்தார். அவர்கள் குடியிருப்பது சாவிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. மேஜை என்று தனியாக இல்லை, கட்டில்தான் மேஜை.

"நியூ, குட் எனக்கே தெரியும். வோர்ன்னா பழசு, டோர்ன்னா கிழிஞ்சது. நடுவுல இது என்னடி?"

மகள் பள்ளி அகராதியைப் புரட்டினாள். "த்ரெட்னா நூல். பேர்னா மேல எதுவும் இல்லாம வெறுமனே இருக்கிறது. துணியோட மேல் பஞ்சு எல்லாம் தேஞ்சுபோய், உள்ள இருக்கிற இழை மட்டும் வெளிய தெரியுதில்ல, அது. இன்னும் கிழியலம்மா. கிழியிறதுக்கு முந்தின ஸ்டேஷன்."

"நம்ம வாசல்ல கிடக்கிற மிதியடி மாதிரி."

"கரெக்ட். மிதியடி, கம்பளம், கோட்டு, துண்டு, சோஃபா உறை. இழை இருக்கிற பொருளுக்குத்தான் சொல்லணும்."

"அப்பாவோட செருப்பு?"

"செருப்புல ஏதும்மா இழை? அதுக்கு வேற வார்த்தை."

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. "நீங்க படிக்கிறதுல என் செருப்ப ஏன் இழுக்கிறீங்க?"

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். காதில் எதுவும் விழாததுபோல் இருப்பார், எல்லாம் விழும்.

"இன்னொண்ணும் போட்டிருக்கு" என்றாள் மகள். "சொல்லிச் சொல்லித் தேஞ்சுபோன ஜோக்கு, சாக்குப்போக்கு, இதுக்கெல்லாமும் சொல்லலாமாம்."

அக்கா அடுத்த அறைப் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்னு தினம் ஒண்ணு சொல்றீங்களே, அதுக்கும் டிக்‌ஷனரில பேர் இருக்காம்."

"நான் பஸ் டிரைவர்மா. ட்ராஃபிக்ல மாட்டாம கடல்லயா மாட்டுவேன்?"

அன்றிலிருந்து அந்த ஆங்கிலச் சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. சாப்பிடும்போது யாராவது பழைய கதையை எடுத்தால், மற்ற இருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இடது கையைத் தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார்கள். இழை தெரிகிறது என்று அர்த்தம். கதை சொன்னவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதிகமாக மூடிக்கொண்டவர் டிரைவர்தான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், தீக்காய வார்டின் சிஸ்டர் படியிறங்கி வந்தார். வார்டுகளுக்கான துணி வண்டியில் ஏறி மேலே போவதுதான் வழக்கம். வாங்க யாரும் கீழே வருவதில்லை.

"அக்கா, உங்ககிட்ட இருக்கிறதுலயே மோசமான விரிப்பு எது?"

"கிழிஞ்சதுதான்."

"கிழியாததுல?"

அக்கா ஒரு த்ரெட்பேரை எடுத்துக் கொடுத்தார். விதிப்படி அது வெட்டுக்கூடத்துக்குப் போய்த் துடைப்புத் துணியாக வேண்டியது. சிஸ்டர் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் முன்கையின் உட்புறத்தில் வைத்துத் தேய்த்தார். "இதுல பத்து குடுங்க" என்றார்.

வெந்த தோல் ஆறி வரும்போது மேலே புதிதாக ஒரு தோல் படரும். வெங்காயத்தின் உள்சவ்வு போல இருக்கும். புது விரிப்பின் முடிச்சையும் முரட்டையும் அது தாங்காது. மென்மையான துணி கடையில் கிடைக்காதா என்றால் கிடைக்கும். ஆனால் முந்நூறு முறை கொதிநீரில் துவைத்து, முந்நூறு முறை காய்ந்து, முந்நூறு பேர் மேலே படுத்துப் புரண்டு எழுந்த துணியின் மென்மையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஒரு விரிப்பு அந்த நிலைக்கு வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். வந்த பிறகு முப்பது சலவைதான் தாங்கும். அதன் பிறகு டோர்ன்.

அன்று தொடங்கியது அந்த ஏற்பாடு. த்ரெட்பேர் விரிப்புகளை அக்கா நீலக் கயிற்றால் கட்டித் தனித் தட்டில் வைப்பார். அவை மூன்றாம் தளத்தின் பதினான்கு கட்டில்களுக்குப் போகும். சுத்தத்தில் குறை கிடையாது; சலவையும் நீராவியும் எல்லாத் துணிக்கும் ஒன்றுதான். இரண்டு பெண்களுக்கு மட்டும் தெரிந்த இந்த ஏற்பாடு எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. பதிவேட்டில் மட்டும் அக்கா உள்ளதை உள்ளபடி எழுதிவந்தார்: த்ரெட்பேர், இருப்பு இருநூற்றுப் பன்னிரண்டு.

இந்த ஆண்டு புதிய ஸ்டோர்ஸ் அதிகாரி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். நடந்தால் கீச்சிடும் பழுப்புக் காலணி. விதிப் புத்தகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்தவர். ஆனால் கெட்ட மனிதர் இல்லை. துணியறையில் இருபது வருடமாக எரியாத விளக்கை வந்த வாரமே மாற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

மகள் வேறு ஊரில் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வீடு மாறினாள் என்று அக்கா வியாழன் முதல் விடுப்பு எடுத்துப் போனார். திங்கட்கிழமை காலை திரும்பி வந்து பார்த்தால் நீலக் கயிற்றுத் தட்டு காலி. தட்டின் தகரம் பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

அக்கா தட்டின் அடியிலும் குனிந்து பார்த்தார். நேரே ஸ்டோர்ஸ் அறைக்குப் போனார்.

"சார், நீலக் கயிறு கட்டின மூட்டையெல்லாம் எங்க?"

"வெட்டுறதுக்கு அனுப்பியாச்சும்மா. வெள்ளிக்கிழமை வண்டி வந்துச்சு."

"எல்லாத்தையுமா?"

"இருநூத்திப் பன்னெண்டு. உங்க கையெழுத்துதானே?" பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "த்ரெட்பேர்னு தெளிவா எழுதியிருக்கீங்க. த்ரெட்பேர்னா கிடங்குல ஒரு வாரத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி. உங்களுக்குத் தெரியாததா?"

அக்கா தன் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது ஆண்டாக ஒரே மாதிரி எழுதிய குண்டு எழுத்து.

"நான் வோர்ன்னு எழுதியிருந்தா?"

"தொட்டிருக்கவே மாட்டேன். ஆனா அது பொய்யாச்சே."

"ஆமா சார். பொய்தான்."

பிறகு தீக்காய வார்டு விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. வெட்டுக்கூடத்துக்குத் தொலைபேசி போட்டார். சனிக்கிழமையே வெட்டி முடித்துவிட்டதாகப் பதில் வந்தது. ஒவ்வொன்றும் பதினாறு துண்டு.

"இத எங்கயாவது எழுதி வச்சிருக்கலாமேம்மா" என்றார் மெதுவாக.

"வச்சிருக்கணும் சார். தப்பு என்னோடதுதான்."

மூன்றாம் தளத்தில் சிஸ்டர் கணக்கை விரலில் சொன்னார். கட்டில்களில் விரித்தது பதினான்கு, சலவையில் இருப்பது பதினெட்டு. அதில் பாதி இப்போதே கிழிகிற பதம். புதன்கிழமைவரை ஓட்டலாம்.

"எல்லாரையும் சமாளிச்சுடுவேன்கா. ஏழாம் கட்டில்தான் பயமா இருக்கு."

ஏழாம் கட்டிலில் இருந்தவர் ஒரு பேக்கரிக்காரர். ஆறு வாரத்துக்கு முன்னால், தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிய நேரத்தில் அடுப்பு சீறி முதுகையும் இரண்டு தோளையும் வாரிவிட்டது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தோல் பிடித்துவிட்டது. கட்டுப் பிரித்து ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை விரிப்பு பற்றாமல் போய், தெரியாமல் ஒரு புதிய விரிப்பைப் போட்டுவிட்டார்கள். இடது தோளில் காசளவுக்கு இரண்டு கொப்புளம்.

"இது உடைஞ்சு ஒட்டின தோல் விட்டுப்போச்சுன்னா மறுபடி தொடையில கை வைக்கணும்" என்று சிஸ்டர் அக்காவின் காதோடு சொன்னார். "அவருக்குத் தெரியாது."

"தெரியும் சிஸ்டர்" என்றார் குப்புறப் படுத்திருந்த பேக்கரிக்காரர். "முதுகுலதான் காயம். காதுல இல்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி, "இந்த நேரத்துலயும் வாய் மட்டும் வேகல பாருங்க" என்றார்.

அக்கா நடந்ததை மறைக்காமல் சொன்னார். பழைய விரிப்புகளைத்தான் இந்த வார்டுக்கு அனுப்பிவந்தோம் என்பதைச் சொல்லும்போது கொஞ்சம் குரல் தாழ்ந்தது. நோயாளியிடம் போய், உங்களுக்குத் தேய்ந்துபோனதைத்தான் போட்டோம் என்று எப்படிச் சொல்வது?

"இதுல என்னக்கா இருக்கு?" என்றார் பேக்கரிக்காரர். "என் கடையில மாவு மூடுற துணி இருக்கு. புதுசா வாங்கினா மாவு ஒட்டும், உரிச்சா பிய்யும். மூணு மாசம் வெறும் ரொட்டிய மூடிப் பழக்குவேன். அப்புறம்தான் மாவு மேல போடுவேன். மாவுக்கே பழசுதான். நான் என்ன மாவ விட ஒசத்தியா?"

அக்கா அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரின் கட்டில் விரிப்பை உருவினார். பத்தொன்பது ஆண்டில் வீட்டு விரிப்பை ஜன்னலுக்கு நேரே பிடித்தது அதுதான் முதல் முறை. ஐந்து விரலும் தெரிந்தன. மோதிரத்தின் கல்கூடத் தெரிந்தது.

"ஆஸ்பத்திரி வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதன்னு சொல்லியிருக்கேன்ல?" என்றார் டிரைவர். அது அவர் யாரையும் தொடவிடாத விரிப்பு. அதில் படுத்தால்தான் தூக்கம் வரும் என்று சொல்லி, மகள் வாங்கி அனுப்பிய மூன்று புது விரிப்புகளைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்.

அக்கா விஷயத்தைச் சொன்னார். டிரைவர் விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதுல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்ங்க."

"துவைச்சுக் குடுக்கணுமா, இப்படியே குடுக்கலாமா?"

மறுநாள் காலை ஊழியர் வாசலில் அக்கா ஒரு அறிவிப்பு ஒட்டினார். 'தீக்காய வார்டுக்குப் பழைய பருத்தி விரிப்புகள் தேவை. துணியறையில் கொடுக்கவும்.' டிரைவர் டிப்போவில் சொல்லிவிட்டார். கீழே சாவிக் கடைக்காரர் தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நண்பகலுக்குள் முப்பத்தொன்பது விரிப்புகள் வந்து சேர்ந்தன.

அவற்றில் முப்பத்தைந்து புத்தம் புதியவை. விலை ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்கப்படவில்லை.

மூட்டையோடு வந்த டிரைவர் தலையைச் சொறிந்தார். "நான் பழசுன்னுதாம்மா சொன்னேன். நோயாளிக்குப் போய்ப் பழசக் குடுக்கிறதா, நாங்க என்ன அவ்வளவு கெட்டாபோயிட்டோம்னு எல்லாரும் சேர்ந்து ஒரு டஜன் வாங்கிட்டாங்க. கண்டக்டர் ஒருத்தர் பூப்போட்டதா பாத்து எடுத்திருக்கார்."

"இத வச்சு நான் என்னங்க பண்ணுவேன்?"

"மூணு வருஷம் கழிச்சுப் பயன்படும்" என்றார் டிரைவர். அக்கா விரலைக் காட்டவில்லை. அந்த நகைச்சுவை புதிது.

மூட்டைகளின் மேல் உட்கார்ந்தபோது அக்காவுக்கு ஒன்று விளங்கியது. வீட்டுக்கு வீடு நைந்த விரிப்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வீட்டு ரகசியம். விருந்தாளி வந்தால் மேலே புதியதை விரித்து மூடிவிடுகிறார்கள். அதை ஊருக்கு நடுவில் எடுத்துக்கொண்டு வரச் சொன்னால் யார் வருவார்? கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும்.

பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இந்த முறை பெரிய தாள்.

'புதிய விரிப்பு வேண்டாம். தயவுசெய்து வாங்காதீர்கள். உங்கள் வீட்டில் யாரும் தூக்கிப் போட விடாத ஒரு விரிப்பு இருக்கும். அதுதான் வேண்டும். வெளிச்சத்தில் பிடித்து, கையைப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஐந்து விரலும் தெரிந்தால் கொண்டு வாருங்கள். இதற்குத் த்ரெட்பேர் என்று பெயர். வெந்த தோலுக்கு இதைவிட நல்ல துணி கடையில் கிடையாது. உங்கள் வீட்டார் பல ஆண்டு படுத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். கூச்சப்பட வேண்டாம்.'

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ஜன்னலில் கால்கள் நிற்கத் தொடங்கின. கடந்து போகும், நிற்கும், திரும்பிப் போகும், மறுபடி வரும். பக்கத்தில் ஒரு பை ஆடும். படியில் இறங்கி வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள்: "சும்மா வீட்டுல கிடந்துச்சு." "என்னோடது இல்ல, மாமியாரோடது." "இதப் போய்க் குடுக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க." ஒரு பள்ளி ஆசிரியை நீல லாரிகள் ஓடும் குழந்தை விரிப்பு ஒன்றைக் கொடுத்தார். நிறம் போய் லாரிகள் மேகம் போல ஆகியிருந்தன. கொடுத்த பிறகும் அதன் ஒரு மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னா வச்சுக்குங்கம்மா" என்றார் அக்கா.

"இல்ல. பையன் என்னைவிட ஒசரமாயிட்டான். நான்தான் மடிச்சு மடிச்சு வச்சிருந்தேன்." விட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை ஒரு கறுப்புக் காலணி ஜன்னலில் மூன்று முறை போய்வந்தது. பளபளப்பானது, இடது குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்தது. அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான்காம் முறை அந்தக் காலணி படியிறங்கியது. பேக்கரிக்காரருக்குத் தோல் ஒட்டிய அறுவை மருத்துவர்தான். அக்குளில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"என் வீட்டுல பத்து வருஷமா இதத் தூக்கிப் போடுன்னு சண்டை. இன்னைக்கு நானே எடுத்துட்டு வந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "இது யாரோடதுன்னு..."

"குடுத்தவங்க பேர் எழுத இந்தப் பதிவேட்டுல கட்டமே இல்ல டாக்டர்."

மருத்துவர் நிம்மதியாகப் படியேறினார். அவர் கொடுத்ததை அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அருமையான சரக்கு.

கிருமித் தடுப்பு நர்ஸ் ஒரு நிபந்தனை வைத்தார். வெளியிலிருந்து வருகிற எதுவும் இரண்டு கொதி சலவையும் நீராவியும் தாண்டாமல் மேலே போகக் கூடாது. சலவைக்கூடத்துக்காரர்கள் அதற்கென்று ஓர் இயந்திரத்தையே ஒதுக்கினார்கள். சலவை தாங்காமல் சில உள்ளேயே நூலாகப் போயின. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வந்தவை முந்நூற்று நாற்பது. அதில் அக்காவின் ஜன்னலைத் தாண்டியவை நூற்று அறுபத்து மூன்று. கிழிந்ததைத் துடைப்புத் துணிக்கு அனுப்பினார். திடமானதைத் திருப்பிக் கொடுத்து, "இன்னும் ரெண்டு வருஷம் படுத்துட்டுக் கொண்டுவாங்க" என்றார். டிப்போவின் பூப்போட்ட விரிப்பு உள்ளிட்ட புதியவையெல்லாம் பொது வார்டுகளுக்குப் போயின. பதிவேட்டில் நியூ என்று எழுதிக்கொண்டார்.

வெள்ளை அல்லாமல் வேறு விரிப்பு பார்த்தறியாத தீக்காய வார்டு, அந்த வாரம் ஒரு குடியிருப்பு போல ஆனது. ஒரு கட்டிலில் கோடு, ஒன்றில் கட்டம், ஒன்றில் இலைகள். டிரைவரின் விரிப்பு மூன்றாம் கட்டிலில். ஏழாம் கட்டிலில் மேகமாகிப்போன லாரிகள்.

சனிக்கிழமை காலை அக்கா மேலே போனபோது பேக்கரிக்காரரின் மனைவி வாசலிலேயே மறித்து, உதட்டில் விரல் வைத்தார். உள்ளே அவர் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அழுந்தியிருந்தது இடது தோள்தான்.

"நேத்து சாயந்தரம் படுத்தவரு. கொப்புளம் வத்திடுச்சாம். சிஸ்டர் பாத்தாங்க" என்றார் மனைவி. பிறகு அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அக்காவும் கையை எடுக்கவில்லை.

பேச்சுச் சத்தத்தில் பேக்கரிக்காரர் கண் விழித்தார். விரிப்பைத் தடவினார்.

"இது யார் வீட்டுதுக்கா?"

"சொல்லக் கூடாது. ஒரு பையன் படுத்து வளர்ந்தது."

"அவனுக்கு இப்ப மீசை முளைச்சிருக்கும். எங்கயாவது சுத்திக்கிட்டிருப்பான். அவன் இதுல உருண்டு பொரண்டதுக்கு நான் தூங்குறேன் பாருங்க." கொஞ்சம் யோசித்தார். "ரொட்டி ஒண்ணு குடுக்கலாம்னா ஆள் யாருன்னே தெரியாது. சரி, ஊருக்கே நல்ல ரொட்டியா போட்டுட வேண்டியதுதான்."

"அப்ப இதுவரைக்கும் போட்டது?" என்றார் மனைவி.

அக்கா கீழே வந்து மூன்றாவது அறிவிப்பை எழுதினார். மிகச் சிறியது. 'போதுமான அளவு வந்துவிட்டது. கொடுத்த எல்லோருக்கும் நன்றி. ஏழாம் கட்டில் தூங்குகிறது.' ஒட்டிவிட்டு வந்த பிறகும் ஜன்னலில் ஒரு ஜோடி கால் நின்றுகொண்டிருந்தது. பழுப்புக் காலணி. படியில் கீச்கீச்சென்று இறங்கியது.

ஸ்டோர்ஸ் அதிகாரியின் கையில் ஒரு பை. அதிலிருந்து மஞ்சள் விரிப்பு ஒன்றை எடுத்தார். அக்காவிடம் கொடுக்காமல் தானே ஜன்னலுக்கு நேரே பிடித்து, இடது கையைப் பின்னால் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"வோர்னா, த்ரெட்பேரா? எனக்கு நாலு விரல்தான் தெரியுது அக்கா."

அதுவரை அவர் அம்மா என்றுதான் கூப்பிட்டுவந்தார்.

அக்கா தன் கையை வைத்துப் பார்த்தார். "வோர்ன் சார். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இன்னும் ஒரு வருஷம் படுங்க."

அதிகாரியின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், "நல்ல வோர்ன்" என்று சேர்த்துக்கொண்டார் அக்கா.

அதிகாரி விரிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மேலிடத்துக்கு அவர் எழுதியிருந்த கடிதத்தின் நகல். விதிப் புத்தகத்தின் துணிப் பகுதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்: த்ரெட்பேர் நிலையிலுள்ள விரிப்புகள் கிழியும்வரை தீக்காய வார்டுக்கு மட்டும் ஒதுக்கப்பட வேண்டும். ஆணை வரும்வரை தன் பொறுப்பில் அவ்வாறே நடக்கும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அக்கா இரண்டு முறை படித்தார். பிறகு அதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தினார்.

"சார், ரொம்ப நன்றி" என்றார்.

"நீங்க வோர்ன்னு எழுதாததுக்கு நான்தான் சொல்லணும்" என்றார் அவர்.

மேலிடத்தின் பதில் இன்னும் வரவில்லை. டிரைவர் புது விரிப்பில் படுத்துப் புரண்டுகொண்டிருக்கிறார். ஒவ்வொரு நாள் காலையும் தூக்கமே வரவில்லை என்கிறார். அக்கா ஐந்து விரலைக் காட்டுகிறார். பேக்கரிக்காரர் வருகிற புதன்கிழமை வீட்டுக்குப் போகிறார். திங்கட்கிழமை கிடங்குக்கு முந்நூறு புது விரிப்புகள் வருகின்றன. அவற்றில் விரல் தெரிய மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஜன்னலக்கா ஓய்வு பெற இரண்டு ஆண்டு எட்டு மாதம் இருக்கிறது.